ஒரு பிளேட்டுக்கு ஒரு கிராம் பாசி

“கல்ச்சர் ரிசல்ட் எப்பம்மா வரும்?” என்று சீட்டை நீட்டுகிறவர்களிடம் “நாளைக் கழிச்சு வாங்க” என்றால் முகம் சுண்டிவிடும். சர்க்கரை அளவு ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது, இதற்கு மட்டும் ஏன் இரண்டு நாள் என்பது அவர்கள் ஆதங்கம். நியாயம்தான். சர்க்கரை ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது, அளந்தால் போதும். கிருமியை வளர்த்தாக வேண்டும். சீழிலோ சிறுநீரிலோ உள்ள பாக்டீரியா நுண்ணோக்கியில் புள்ளியாகவோ குச்சியாகவோ தெரியும். அது என்ன இனம், எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அந்தப் புள்ளி சொல்லாது. தீனியும் சூடும் கொடுத்து ஒரு ராத்திரி விட்டால் ஒன்று பல கோடியாகி, வெறும் கண்ணுக்குத் தெரியும் பொட்டாக நிற்கும். காலனி என்போம். மறுநாள் அந்தப் பொட்டைத் தொட்டு வேறொரு பிளேட்டில் பரப்பி, மேலே மருந்து தோய்ந்த சிறு காகித வட்டுகளை வைத்து, இன்னொரு ராத்திரி. எந்த வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் வெறிச்சென்று வளையம் விழுகிறது, எவ்வளவு அகலம் என்று மில்லிமீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டால், எந்த மருந்து கேட்கும் என்று டாக்டருக்கு எழுதி அனுப்பலாம்.

நான் ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவு டெக்னீஷியன். வெளியே இருப்பவர்கள் பார்ப்பது ரத்தம் எடுக்கும் ஜன்னலை மட்டும். உள்ளே எங்கள் நாள் ‘மீடியா போடுவதில்’ தொடங்கும். தீனிப் பொடியை நிறுத்து, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, ஆட்டோகிளேவில் 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரியில், 15 நிமிடம் வைக்க வேண்டும். ராமநாதபுரம் தண்ணீரின் லட்சணம் ஊரறிந்தது. வடிநீர்க் கருவியின் கம்பிச் சுருளில் வெள்ளை வெளேரென்று உப்பு தோல் கட்டிவிடும். ஆசிட் விட்டு அதைக் கழுவுவதே தனி வேலை. வெந்த மீடியாவை 50 டிகிரி வரை ஆறவிட்டு, ஸ்பிரிட் விளக்கின் சுடரை ஒட்டி வைத்துக்கொண்டு பிளேட்டுகளில் ஊற்றுவோம். பிளட் அகர் என்றால் ஆறிய பிறகே செம்மறியாட்டு ரத்தம் சேர்க்க வேண்டும், சூடு மிஞ்சினால் ரத்தம் வெந்து பழுப்பாகிவிடும். அதற்குத் தெர்மாமீட்டரை யாரும் தேடுவதில்லை. பிளாஸ்கைப் புறங்கையில் ஒட்டிப் பார்ப்போம், பொறுக்க முடிந்தால் சரி. ஊற்றிய கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடும். இன்குபேட்டரில் வைக்கும்போது பிளேட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்போம், மூடியில் கோத்த நீர் காலனி மேல் சொட்டிவிடக் கூடாதே.

இப்படி உறைய வைக்கும் பொருள் அகர். கடற்பாசியிலிருந்து எடுப்பது. என் அம்மா அந்தப் பாசியை எடுத்துப் பிழைத்தவள்.

எங்கள் ஊர் பாம்பன் பக்கம். விடியுமுன் பெண்கள் வத்தையில் ஏறித் தீவுப் பக்கம் போவார்கள். இடுப்பளவு நீரில் நின்றும், அதற்கு மேல் என்றால் மூச்சடக்கி முங்கியும், பாறையோடு ஒட்டிக் கிடப்பதைக் கையால் பிடுங்கி இடுப்பில் கட்டிய வலைப்பையில் போடுவார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ரப்பர் செருப்பு. விரல்களில் கிழிந்த சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டாலும் பாறை அறுக்காமல் விடாது. அம்மாவின் வலது ஆள்காட்டி விரல் நுனியில் ரேகையே இல்லை. ரேஷன் கடை இயந்திரத்தில் கட்டை விரலை வைத்துத்தான் ஒப்பேற்றுகிறாள். பாசிகளில் மரிக்கொழுந்துக்கு எப்போதும் மவுசு. அடுத்தது கஞ்சிப்பாசி. இந்த இரண்டிலிருந்தும் அகர் வரும். கட்டக்கோரையில் வருவது ஆல்ஜினேட் என்ற வேறு சரக்கு. 2000-க்குப் பிறகு மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்க்க ஆரம்பித்தார்களே, ஊரில் ‘பெப்சி பாசி’ என்பார்கள், அந்தக் கப்பாபைகஸில் கிடைப்பது கேரஜீனன். ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் ஆகும், எங்கள் பிளேட்டுக்கு ஆகாது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்கா ஆனது முதல் இந்தப் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இடையே இழுபறி. உள்ளே வராதே என்பது சட்டம், வேறு எங்கே போவோம் என்பது இவர்கள் வாதம். பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் கடலுக்கே போகாமல் நிறுத்திவைப்பது என்று கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். இதற்காக அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமியை 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு கூப்பிட்டுப் பரிசு கொடுத்துப் பாராட்டியது. பரிசு வந்தது, இழுபறி தீரவில்லை.

மருத்துவ ஆய்வகத்துக்குள் இந்தப் பாசி நுழைந்த கதையிலும் ஒரு பெண் இருக்கிறாள். 1881-ல் ஜெர்மனியில் ராபர்ட் காஹ் கிருமிகளைத் தனித்தனியாக வளர்க்க வழி தேடிக்கொண்டிருந்தார். ஜெலட்டினில் வளர்த்தார்கள். ஜெலட்டின், மாட்டெலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் வருவது. உடம்புச் சூடான 37 டிகிரியில் வைத்தால் இளகித் தண்ணீராகிவிடும். வெயில் காலத்தில் மேஜை மேலேயே இளகும். போதாக்குறைக்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று கரைத்துவிடும். காஹின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸெ என்ற டாக்டர் இதில் நொந்துபோய், “நீ செய்கிற ஜெல்லி மட்டும் வெயிலில் இளகாமல் இருப்பது எப்படி?” என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். மனைவி ஃபானி ஹெஸ்ஸெ அமெரிக்காவில் பிறந்தவர், கணவருடைய ஆய்வுகளுக்குப் படம் வரைந்து கொடுத்தவர். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு நியூயார்க் வந்த டச்சுக் குடும்பம் ஒன்று, ஜெல்லிக்கு அகர் போடும் பக்குவத்தை அவருக்குச் சொல்லித் தந்திருந்தது. கீழைக் கடற்கரைகளில் வெயிலோடு வாழ்ந்தவர்களின் சமையலறைப் பொருள் அப்படித்தான் பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தது. 1882 மார்ச் 24-ஆம் தேதி காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாகக் காஹ் அறிவித்தார். அந்த ஆண்டுக் கட்டுரையில் அகருக்கு ஒரு வரி இடம் கொடுத்தார், ஹெஸ்ஸெ தம்பதிக்கு ஒரு சொல்கூட இல்லை. காஹ் 1905-ல் நோபல் வாங்கினார். அவருடைய உதவியாளர் பெட்ரி 1887-ல் செய்த மூடி போட்ட தட்டு இன்றும் அவர் பெயரில் ‘பெட்ரி டிஷ்’. ஃபானியின் பெயரில் எங்கள் மேஜை மேல் எதுவும் இல்லை.

அகரின் மகிமை இதுதான்: கொதிநிலையை நெருங்கினால்தான் உருகும், ஆனால் உருகியது சுமார் 40 டிகிரிக்கு இறங்கும்வரை உறையாது. உருகும் சூடும் உறையும் சூடும் இப்படித் தள்ளி நிற்பதால்தான் ரத்தம் வேகாத பதத்தில் கலக்க முடிகிறது. ஊற்றி முடித்தபின் 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தாலும் அசையாமல் நிற்கிறது. நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அதைத் தின்பதும் இல்லை. 140 ஆண்டுகளாகியும் மாற்று ஒன்று நிலைக்கவில்லை.

ஒருமுறை அம்மாவிடம் மிச்சமான சுத்தமான பிளேட் ஒன்றைக் காட்டினேன். விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “கடப்பாசியாட்டம்ல இருக்கு” என்றாள். அதேதான் என்றேன். “ஏத்தா, கீழக்கரையில நோம்பு தொறக்க ஊத்துற பொருளு. அதுல போயா கிருமிய வளக்குறீக?” என்று கேட்டாள். ரோஸ் நிறத்தில் பாலும் சீனியும் சேர்த்துத் துண்டு போட்டு வைப்பார்களே, அதே கடல்பாசி. தரம்தான் வேறு.

மருந்துச் சோதனைக்கான முல்லர் ஹின்டன் மீடியத்தில் லிட்டருக்கு 17 கிராம் அகர். பிளேட்டில் சரியாக 4 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்ற வேண்டும், 9 சென்டிமீட்டர் பிளேட்டுக்கு ஏறக்குறைய 25 மில்லி. கனம் கூடினால் மருந்து கீழ்ப்பக்கமாகவும் இறங்கி வளையம் சுருங்கும், குறைந்தால் விரியும். 25 மில்லியில் அரை கிராமுக்கும் குறைவான அகர் இருக்கிறது. நல்ல மரிக்கொழுந்தின் காய்ந்த எடையில் 40 சதவீதத்தை ஒட்டி அகர் கிடைக்கும். ஆக, ஒரு பிளேட்டுக்கு ஒரு கிராம் காய்ந்த பாசி என்று வைத்துக்கொள்ளலாம். அம்மா ஒரு தடவை முங்கி எடுக்கும் கைப்பிடியில் எத்தனை பிளேட் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறேன்.

ஆனால் எங்கள் அலமாரியில் இருக்கும் டப்பா அகர் இந்தக் கடலில் இருந்து வந்தது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. இந்தப் பக்கத்துப் பாசி மதுரை, மானாமதுரை வட்டாரத்து ஆலைகளுக்குப் போகிறது, அங்கிருந்து பெரும்பகுதி உணவுத் தொழிலுக்குப் போகிறது. ஆய்வக அகருக்கு உலகம் நம்பியிருப்பது மொராக்கோவின் ஜெலிடியம் பாசியை. அந்த நாடு அறுவடைக்கும் ஏற்றுமதிக்கும் கொண்டுவந்த கட்டுப்பாட்டால், 2015-ல் பெரிய பெரிய கம்பெனிகளே கையை விரித்தன. அதற்கு முன்னால் இதே கதை ஜப்பானோடு நடந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்ததும் அகர் வரத்து நின்றுபோய், நாடு நாடாகத் தங்கள் கடற்கரையில் பாசி தேடி அலைந்தார்கள். இந்தியாவில் உள்நாட்டுப் பாசியில் அகர் எடுக்கும் ஆய்வுகள் சூடுபிடித்ததும் அந்த 1940-களில்தான்.

அந்த ஆய்வுகளுக்கு அடுத்த பத்தாண்டில் வீடாக அமைந்தது மண்டபம். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபிறகு, இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போனவர்கள் மண்டபம் முகாம் வழியாகப் போனார்கள். நம் மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. காலராவும் அம்மையும் இல்லை என்று உறுதியாகும்வரை நாள்கணக்கில் நிறுத்தி, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்துக் கப்பல் ஏற்றினார்கள். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1970-களின் தொடக்கத்தில் கொச்சிக்குப் போகும்வரை மண்டபம் முகாமையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. கிளை இப்போதும் இருக்கிறது. அங்கே பணிபுரிந்த பிரான்செஸ்கா திவி என்ற பெண் விஞ்ஞானி, இந்தியப் பாசிகளின் அகர் பற்றி 1950-களிலேயே எழுதிவைத்தார். பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தின் பாசிப் பிரிவும் மண்டபத்தில்தான். அகர் எடுக்கும் முறை ஒன்றும் மந்திரமில்லை. நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் வெளுக்கக் காயப்போட்டு, வேகவைத்து, வடிகட்டி, உறையவைத்த கட்டியைப் பனிக்கட்டியாக்கி மறுபடி இளகவிடுவார்கள். இளகும்போது வடியும் தண்ணீரோடு உப்பும் நிறமும் போய்விடும். ஜப்பானில் இதற்குக் குளிர்காலத்தை நம்பினார்கள், எங்கள் கடற்கரையில் மீனுக்கு ஐஸ் போடும் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன.

உப்பு போவது ஏன் முக்கியம் என்பதை ஆய்வகத்துக்கு வெளியே யாரும் சொல்லித் தருவதில்லை. கடல் நீரிலிருந்து வந்த கால்சியமும் மக்னீசியமும் அகரில் அதிகமாகத் தங்கிவிட்டால், சூடோமோனாஸ் கிருமி மேல் ஜென்டாமைசின் வட்டு போடும் வளையம் சுருங்கும். மருந்து வேலை செய்தும், வேலை செய்யவில்லை என்று பிளேட் பொய் சொல்லும். டாக்டர் அதை நம்பி அதிக விலை மருந்துக்குத் தாவுவார், நோயாளியின் வீட்டில் ஒரு நகை அடகுக்குப் போகும். டப்பாவில் ஆய்வகத் தரம் என்று ஒட்டியிருப்பதன் அர்த்தம் இவ்வளவு தூரம் நீள்கிறது.

கடலுக்கும் ஆய்வகத்துக்கும் இன்னொரு வழியிலும் தொடர்பு உண்டு. பாசி எடுக்கிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், நண்டு உடைக்கிறவர்கள் காலிலும் விரலிலும் காயத்தோடு வருவார்கள். பாறை அறுத்தது, திருக்கை முள் ஏறியது, வலைக் கம்பி குத்தியது. வழக்கமான சீழ்க் காயத்துக்கு நாங்கள் எதிர்பார்ப்பது ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற ஆட்களை. கடல் காயத்தில் விப்ரியோ இருக்கலாம். காலராக் கிருமியின் பங்காளிகள். சில இனங்கள் உப்பு இல்லாமல் தழைக்காது. பிளட் அகரில் எழும்பிவிடும், ஆனால் இனம் காண்பதற்கான அடுத்தகட்டச் சோதனைகளில் உப்புச் சேர்க்க மறந்தால் சோதனை தப்பான விடை சொல்லும். விப்ரியோவுக்கென்றே டிசிபிஎஸ் என்று ஒரு மீடியம் உண்டு. கரும்பச்சை நிறம். இதை ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது, கொதிக்கவைத்து ஊற்றினால் போதும். காலராக் கிருமி அதில் மஞ்சளாக வளரும். கடல் காயத்து விப்ரியோக்களில் சில மஞ்சள், சில பச்சை. கல்லீரல் கெட்டவர்களுக்கு வல்னிஃபிக்கஸ் என்ற இனம் தொற்றினால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும், இரண்டு நாள் கல்ச்சருக்குக் காத்திருக்க நேரம் இருக்காது.

கடல் காயம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாம். பரிசோதனைச் சீட்டில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்து, அதை யாராவது நிரப்பினால் போதும். “கடலுக்குப் போனீகளா?” என்று நான் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கேட்பதுண்டு. பலர் கூச்சப்பட்டு இல்லை என்பார்கள். கையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

   

இதையெல்லாம் ஆராய இப்போது ஊரிலேயே ஆள் வர வழி உண்டு. 2022 ஜனவரியில், ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றாக ராமநாதபுரத்துக்கும் கல்லூரி வந்தது. கல்லூரி என்றால் நுண்ணுயிரியல் துறை இருக்கும், லேப் டெக்னாலஜி படிக்கும் பிள்ளைகள் வருவார்கள், வருடா வருடம் ஆய்வுத் தலைப்பு தேடுவார்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரித்தொழில்நுட்பவியல் துறை மன்னார் வளைகுடாப் பவளத்தில் வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் திட்டுத்திட்டாகப் படலம் கட்டாமல் தடுக்கும் சரக்கு அவற்றில் இருக்கிறதா என்று ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறது. அருமையான வேலை, அதற்கு மரபணு வரிசைக் கருவியும் நல்ல நிதியும் வேண்டும். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் தலைப்பு ரொம்பச் சாதாரணமானது: நம் பாசியில் எடுத்த அகரைத் தரம் பார்.

மரிக்கொழுந்து அகரில் பாதி பிளேட், டப்பா அகரில் பாதி பிளேட். இரண்டிலும் ஒரே தீனி. எத்தனை டிகிரியில் உருகுகிறது, எத்தனையில் உறைகிறது, ஊற்றிய பிளேட்டின் அடியில் அச்செழுத்தை வைத்தால் படிக்க முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு தரக்கட்டுப்பாட்டுக் கிருமிகள். ஈ. கோலை 25922 என்ற எண்ணுள்ள கிருமிக்கு ஜென்டாமைசின் வளையம் 19 முதல் 26 மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும் என்று உலகம் முழுக்க ஒரே அளவு வைத்திருக்கிறார்கள். சூடோமோனாஸுக்கும் அப்படி ஓர் அளவு உண்டு; கால்சியம், மக்னீசியக் குட்டு அங்கேதான் உடையும். மாதம் மாதம் வேறு வேறு தீவுப் பக்கத்துப் பாசியில் இதைத் திரும்பச் செய்தால், எந்தப் பாசி எந்தப் பருவத்தில் ஆய்வகத்துக்கு ஆகும் என்று ஒரு பட்டியலே போடலாம். இன்குபேட்டர், ஆட்டோகிளேவ், அளவுகோல், 4 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றத் தெரிந்த கை. இவை எல்லா மாவட்ட ஆய்வகத்திலும் இருக்கின்றன. மண்டபத்தின் பாசி விஞ்ஞானிகள் 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள். இதே மாவட்டத்து வலமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா என்று மத்திய அரசு திட்டம் போட்டிருக்கிறது. அங்கே நடுகிற பாசிப் பட்டியலில் பிளேட்டுக்கு ஆகும் இனங்களுக்கு எவ்வளவு இடம் என்று யாராவது கேட்க வேண்டும்.

அம்மாவிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னேன். கலந்து கட்டி மூட்டையில் போட்டால் ஆய்வகத் தரம் வராது, மண்ணும் கிளிஞ்சலும் வேறு பாசியும் இல்லாமல் மரிக்கொழுந்தைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றேன். “பிரிச்சுக் குடுத்தா வெல கூடக் குடுப்பாகளா? இப்ப யாவாரி எல்லாத்தயும் ஒண்ணாப் போட்டுத்தான நிறுக்குறாரு” என்றாள். தங்கச்சிமடத்துப் பெண் ஒருத்தி இந்த வருடம் அந்தத் தலைப்பை எடுத்திருக்கிறாள். அவள் அட்டவணையில் உருகுநிலை, உறைநிலை, வளைய அளவு என்று போட்டிருந்த கட்டங்களுக்குப் பக்கத்தில், பிரிக்காத பாசியின் கிலோ விலை, பிரித்த பாசியின் கிலோ விலை, பிரிக்க ஆன நேரம் என்று மூன்று கட்டம் கூடுதலாகக் கோடு போடச் சொல்லியிருக்கிறேன்.